இருநூறு ரூபாய் மொய்

“தவசிமுத்து, ராஜபாளையம்... எம்புட்டுப்பா?” மொய் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

“இருநூறு.”

அவர் காதில் விழாதது மாதிரி மறுபடி கேட்டார். தவசிமுத்து மறுபடி சொன்னான். இந்தத் தடவை பக்கத்திலிருந்த மைக்கிலும் விழுந்து, மம்சாபுரம் முழுக்கக் கேட்டது.

பால்காய்ப்பு வீடு. வீட்டுக்காரர் இருளப்பசாமி, தவசிமுத்துவின் பெரியப்பா மகன். புது மாடி வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் கூலிங் கிளாஸோடு அவரே நின்றார். நிஜ இருளப்பசாமி வந்து மைக்கை வாங்கினார்.

“தம்பி அவசரத்துல ஒரு சைபரை மறந்துட்டான். சேத்து எழுதிக்கிடுங்க.”

பந்தல் சிரித்தது. தவசிமுத்து தரையைப் பார்த்தான். அவன் மனைவி ஆவுடையம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“மறக்கல அத்தான். அந்த சைபர்லதான் எங்க வீட்டு அரிசி இருக்கு.”

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

தவசிமுத்து ஸ்கூல் வேன் டிரைவர். ஆவுடையம்மாள் வீட்டிலேயே நைட்டி தைக்கிறாள். ரெண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து இருபதாம் தேதி வரைக்கும்தான் நடக்கும். மீதிப் பத்து நாளைக்குக் கைமாத்து. போன மாதம் அவள் கம்மலும் அடகுக்குப் போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார்கள்.

கேபிளை வெட்டினார்கள். பால் அரை லிட்டரானது. ஞாயிற்றுக்கிழமைக் கோழி ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்தது. தவசிமுத்து பேக்கரி டீயை விட்டான். விட்ட முதல் மூன்று நாள் ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் அவனிடம் திட்டு வாங்கின.

அப்படியும் கணக்கு இடித்தது.

“நாம ஒண்ணும் தின்னு அழியலங்க,” என்று ஆவுடையம்மாள் விசேஷப் பத்திரிகைகளை எடுத்து அவன் முன்னால் போட்டாள். அந்த மாதத்துக்கு மட்டும் ஏழு. “அவிய வீடு கட்டுறதுக்கும் காது குத்துறதுக்கும் நாம கம்மலை வைக்கோம்.”

“செய்யலைன்னா கேவலமாப் பேசுவாங்களே.”

“நமக்குச் செஞ்சவங்களுக்கெல்லாம் திருப்பிச் செஞ்சாச்சு. யாருக்கும் பாக்கி இல்ல. இனிமே யாரா இருந்தாலும் இருநூறு.”

முதல் பந்தலே இருளப்பசாமியுடையதாக அமைந்ததுதான் அவர்களுடைய கெட்ட நேரம்.

சாப்பிடாமல் கிளம்பலாம் என்று தவசிமுத்து கையைப் பிடித்து இழுத்தான். “சாப்பிடாமப் போனா அந்த இருநூறும் நட்டம்,” என்று அவள் இலையில் உட்கார்ந்தாள். பாயசம் ரெண்டாம் தடவையும் வாங்கினாள்.

பஸ் ஏறினார்கள். ராஜபாளையம் வந்து இறங்குவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவனுக்குப் புதுப் பேர் வந்துவிட்டது. ‘இருநூறு தவசி.’ சித்தப்பா ஒருத்தர் அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்பது போட்டிருந்தார். கேபிள் இல்லாத வீட்டில் வேறு வேலையில்லாமல் தவசிமுத்து அதை எண்ணிப் பார்த்தான்.

நாலாம் நாள் அவனால் முடியவில்லை.

“ஓனர்கிட்ட ரெண்டாயிரம் கேட்டிருக்கேன். அண்ணன்கிட்டக் கொடுத்துட்டு வந்துருதேன். தெருவுல தலை நிமிர முடியல.”

ஆவுடையம்மாள் தையல் மிஷினை நிறுத்தவில்லை. ஆனால் நைட்டியில் கழுத்து வர வேண்டிய இடத்தில் கைத்துணியை வைத்துத் தைத்துவிட்டாள். அதைப் பிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க இஷ்டம். எனக்கும்தான் தெருக்குழாய்க்குப் போகக் கூச்சமா இருக்கு.”

வாசலில் புல்லட் வந்து நின்றது. இருளப்பசாமி.

தவசிமுத்து எழுந்து நின்றான். “அண்ணே, நானே வரணும்னுதான்...”

“உக்காருலே.”

தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவரே கதவைச் சாத்தினார். ஆவுடையம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் வந்து நின்றாள்.

“என்ன காரியம்லே பண்ணிட்டுப் போன நீ? அன்னைக்குச் சிரிச்சானுங்கள்ல, அம்புட்டுப் பேரும் அவனவன் மொய்க் கவரைப் பிரிச்சு உள்ள இருந்த தாள்ல பாதியை உருவிட்டானுங்க. உனக்குப் பின்னால வந்தவன்ல ஒருத்தன் ஐநூறைத் தாண்டல. பந்தக்காரனுக்கே நான் கையில இருந்து கொடுத்தேன்.”

“தப்புத்தாண்ணே. ரெண்டாயிரம் நாளைக்கே...”

“அதை நீயே வச்சுக்கோ.” இருளப்பசாமி சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். “என் சம்பளத்துல முக்கால்வாசி வீட்டு லோனுக்குப் போகுது. உன் மதினி நகை பூராவும் பேங்க்லதான் இருக்கு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன், வெளிய விட்டுறாதீங்க.”

கூலிங் கிளாஸ் இல்லாத அவர் முகம் வயசாகித் தெரிந்தது. ஆவுடையம்மாள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அரை லிட்டர் பாலில் மிச்சமிருந்ததை ஊற்றி டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இப்ப நாங்க என்ன செய்யணும் அத்தான்?” என்றாள்.

இருளப்பசாமி குரலை இறக்கினார்.

“புதன்கிழமை தேவதானத்துல என் மச்சினன் மக கல்யாணம். உங்களுக்கும் பத்திரிகை வந்திருக்கும். பத்தாயிரமாவது நான் செய்வேன்னு அங்க காத்துக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஆயிரத்துக்கு மேல வழியில்ல. அதனால நீங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னால போயி, மைக்குக்குப் பக்கத்துல நின்னு, அதே இருநூறைச் சத்தமாச் சொல்லி எழுதுங்க. பின்னாலயே நான் ஆயிரம் வச்சா பெருசாத் தெரியும். பஸ் சார்ஜ் நான் தாரேன்.”