புள்ளி பாக்கி

மகளின் அறையில் வால்பேப்பரை உரிக்க அவனுக்கு இத்தனை நாள் மனசு வரவில்லை. இப்போது மனைவி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். வரப்போகிற பிள்ளைக்குப் புதுச் சுவர் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

வெந்நீரில் ஸ்பாஞ்சை நனைத்து ஒற்றி, தாள் ஊறியதும் தகட்டால் நெம்பினான். யானைகள் வரிசையாகச் சுருண்டு விழுந்தன. மகள் பிறப்பதற்கு முந்தின மாதம் அவனே ஒட்டிய யானைகள். ஒரு பட்டையில் எல்லாம் தலைகீழாக நிற்கும். அன்றைக்கு அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் பிரித்ததில்லை.

ஜன்னலுக்குக் கீழே, தாளுக்கு அடியில், வெறும் சுவரில் ஆரஞ்சு கிரேயானில் ‘அபபா’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘அமமா’.

புள்ளி வைக்கிற பழக்கமே மகளுக்குக் கிடையாது. “புள்ளியெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டால், “அப்புறமா மொத்தமா வெச்சுடறேன்பா” என்பாள். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

மனைவியைக் கூப்பிட்டான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து எழுத்தைத் தடவினாள்.

“அவ எழுத்துதான்” என்றாள். “மிச்சத்தையும் உரிச்சுடுங்க.”

கட்டில் கிடந்த மூலையில் ஒரு பட்டைதான் பாக்கி இருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உரித்தார்கள். அங்கே எழுத்து எதுவும் இல்லை. தரையிலிருந்து ஒரு குழந்தையின் கை எட்டுகிற உயரம்வரை, நெருக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் வெறும் புள்ளிகள்.