நாலாவது டெஸ்ட்

ஐந்தாவது டெஸ்ட் சிவப்பில் வந்து நின்றது.

அது சிவப்பாகவே கூடாத டெஸ்ட்.

எங்கள் கம்பெனி செய்வது கல்லூரிப் பிள்ளைகளுக்கான ஒரு சாஃப்ட்வேர். அவர்கள் எழுதும் புரோகிராம்கள் வேறெங்கோ ஒரு சர்வரில் கிடக்கும். அந்த இடத்துக்குப் பெயர் ரெப்போ. எங்கள் சாஃப்ட்வேர் போய் அதை எடுத்து வர வேண்டும். முடியாமல் போனால் ஏன் என்று நல்ல தமிழில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வேண்டுமென்றே தப்பாகச் செய்து, அது ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒழுங்காகச் சொன்னால் டெஸ்ட் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

தப்பான முகவரி கொடுப்பேன். தப்பான பாஸ்வேர்டு. பாதியில் நெட் வயரைப் பிடுங்குவேன். நாலாவது, அனுமதி இல்லாத ஒரு ஆள் உள்ளே வரப் பார்ப்பது. அதற்கென்றே ஒரு பொய்க் கணக்கு வைத்திருக்கிறோம். பெயர் 'வெளியாள்'.

ஐந்தாவதில் தப்பே கிடையாது. என் சொந்தக் கணக்கு, எங்கள் டீமின் சொந்த ரெப்போ. சும்மா திறந்து மூட வேண்டியதுதான். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

திரையில் இப்படி இருந்தது: 'நீங்கள் கேட்ட ரெப்போ இல்லை.'

ஸ்பெல்லிங் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினேன். இல்லை. காலையில் நான் தொட்ட வரிகளையெல்லாம் பழையபடி மாற்றிவிட்டு ஓட்டினேன். இல்லை.

எது உடைந்தாலும் முதலில் தன்மேல் தப்பைத் தேடுவது எங்கள் வீட்டு வியாதி. வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. வியாதி டிகிரியோடு போய்விடவில்லை.

அதுவும் இன்றைக்குப் போய். ஆறு மாத புரொபேஷன் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் கன்ஃபர்மேஷனைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அரியாங்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா 'பொண்ணுக்கு பர்மனென்ட்' என்று சொல்லி முடித்தாயிற்று.

பக்கத்து சீட்டு கவிநிலாவைக் கேட்டேன்.

"ஏ, நம்ம ரெப்போ உனக்கு வருதா?"

"வருதே. இப்பதான் எடுத்தேன். ஏன்டி, இன்னிக்கி எந்த வயரப் புடுங்கி வெச்ச?"

குனிந்து பார்த்தேன். வயர் செருகித்தான் இருந்தது.

திரையில் நின்ற அந்த வாக்கியம் நான் எழுதியது. முதலில் அப்படி எழுதவில்லை. 'ரெப்போ இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அனுமதி இல்லை' என்றுதான் எழுதியிருந்தேன். டீம் லீடர் தமிழ்மாறன் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உள்ள இருக்குன்னு சொன்னாதானே வெளியாள் கதவத் தட்டிக்கினு நிப்பான்? இல்லைன்னு சொல்லிடு. அவனே போயிடுவான்."

"அது பொய் சார்."

"பொய் இல்லம்மா. செக்யூரிட்டி. உலகம் பூரா இப்படித்தான்."

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கத்தினேன். உள்ளே விடவில்லை என்றால் விடவில்லை என்று சொல்லுங்கள், இருப்பதை ஏன் இல்லை என்கிறீர்கள் என்று கேட்டேன். கடைசியில் என் கையாலேயே மாற்றினேன். அன்றிலிருந்து எங்கள் சாஃப்ட்வேரில் உண்மையாகவே இல்லாவிட்டாலும் இல்லை. உனக்கு மட்டும் இல்லை என்றாலும் இல்லை.

கவிநிலாவுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வருகிற கோபம். வரவில்லை. ஏசி காற்று பின்கழுத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே பேக்கரியில் பப்ஸ் வெந்துகொண்டிருந்தது. லாஸ்பேட்டை முழுக்கப் பசிக்கிற வாசனை. எனக்குப் பசி இல்லை.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது கேட்டில் இவ்வளவு பெரிய பூட்டு தொங்கியதாம். பார்த்தவுடன் புரிந்துவிட்டது என்பார்.

எனக்கு ஒரு வாக்கியம். ஒற்றுப்பிழைகூட இல்லாமல்.

போன் அதிர்ந்தது. அம்மா. கவிழ்த்து வைத்தேன்.

நாலாவது டெஸ்டைத் திறந்தேன். 'வெளியாள்' என்று இருந்ததை அழித்துவிட்டு என் கணக்கைப் போட்டேன். ஓட்டினேன்.

பச்சை.

தமிழ்மாறன் டீ கப்போடு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"பூவிழி, டெஸ்ட் எல்லாம் முடிச்சிட்டு மேல ஹெச்.ஆர். ரூமுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடும்மா. எல்லாம் ஒழுங்கா ஓடுதுல்ல?"

"நாலாவது பக்காவா ஓடுது சார்" என்றேன். "நெசமான ஆளையே வெச்சுப் பார்த்துட்டேன்."