ஜீரோவின் இன்பாக்ஸ்

"மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சான், சக்கரத்தைக் கண்டுபிடிச்சான். அதுக்கப்புறம் நடந்த பெரிய விஷயம்னா, மெயிலுக்குப் பதில் எழுதறதை நான் நிறுத்தினதுதான் மேடம்."

சொன்னவன் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் அம்மாளும் சிரிக்கவில்லை.

லிப்ட் பராமரிக்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. ஒரே அறை, இரண்டு மேஜை. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கட்டடங்களின் புகார்கள் அவனுக்கு. அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் அடுத்த மேஜை அக்காவுக்கு. இன்பாக்ஸில் ஒரு மெயில்கூடத் தங்க விடமாட்டான் என்பதால் அவனுக்கு ஆபீஸில் 'ஜீரோ' என்று பெயர். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். புதன்கிழமைதோறும் மற்றப் பிரிவுக்காரர்களை உட்காரவைத்து, நேரத்தை வெல்வது எப்படி என்று வகுப்பும் எடுத்தான்.

இரண்டு மேஜை எதற்கு, ஒருத்தர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று மேனேஜர் இன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. வெளியே போனால் இன்னொரு வேலை கிடைக்கும் என்று அவரே நம்பவில்லை.

"எப்படி நிறுத்தினீங்க?" என்றார் மேனேஜர்.

"சிஸ்டம் மேடம்!" ஜீரோ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். வாரம் முழுக்கக் கட்டம் கட்டமாக வண்ணம். "நீலம், ஆழமா யோசிக்கற நேரம். பச்சை, மேலோட்டமா யோசிக்கற நேரம். மஞ்சள், யோசிக்காம இருக்கற நேரம்."

"மஞ்சள்தான் நிறைய இருக்கும் போல."

"வளர்ச்சியே அதுலதான் மேடம் இருக்கு."

"சரி, புகாரை எப்போ பார்ப்பீங்க?"

"பார்க்கறதே இல்ல. இந்த ஆப்பைப் போட்டுப் பதினாலு மாசமாச்சு. அன்னிலேர்ந்து ஒரு புகார் வரல. நாம ஒழுங்கா இருந்தா லிப்டும் ஒழுங்கா இருக்கும் மேடம்."

மேனேஜர் வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பைப் புரட்டினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பத்துக்கு ஒன்பதரை. அந்தப் பக்கமும் ஒன்பதரை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்."

"அக்கா நாளெல்லாம் உழைச்சு வாங்கினாங்க. நான் சும்மா இருந்து வாங்கினேன். யார் கெட்டிக்காரன்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா காதில் போன். 'ஒரு நிமிஷம்' என்று கையால் காட்டினார்.

"பயப்படாதீங்கய்யா. மெக்கானிக் உங்க கட்டடத்து வாசலுக்கு வந்தாச்சு. தனியாவா நிக்கறீங்க? கையில என்ன, கேக்கா? நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க. யாருக்குப் பிறந்தநாள்? பேத்திக்கா, எத்தனை வயசு? ஏழா... திறந்துடுச்சா? நல்லது. படியில ஏறிப் போயிடுங்க. இன்னிக்கு அந்த லிப்ட் வேண்டாம்."

போனை வைத்துவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றார். குரலில் பதற்றமே இல்லை.

"நீங்க எப்படிம்மா வேலை பார்க்கறீங்க?"

"காலையில ஒன்பதரைக்கு அரை மணி நேரம், சாயங்காலம் மூணரைக்கு அரை மணி நேரம் மெயிலைத் திறப்பேன். நடுவுல எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன். அவசரம்னா போன் வந்துடும். ஒரே கட்டடத்து மெயிலையெல்லாம் சேர்த்துவெச்சுப் படிப்பேன். ஆறு பேர் ஆறு விதமாத் திட்டியிருப்பாங்க, கோளாறு என்னவோ ஒண்ணாத்தான் இருக்கும். மெக்கானிக்குக்கு ஒரே ஒரு போன். அவர் முடிச்சதும் ஆறு பேருக்கும் ரெண்டு வரி. மத்த நேரம், சரிபண்ணின லிப்டெல்லாம் ஓடுதான்னு விசாரிப்பேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வரும்?"

"எழுபது, எண்பது."

ஜீரோ உச்சுக்கொட்டினான். "பாவம் மேடம். இந்தக் காலத்துல போய் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதறாங்க. நம்ம வகுப்புக்கு வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்!"

மேனேஜர் பேனாவைத் திறந்தார். எழுதப்போனவர் நிறுத்தினார்.

"அந்த சிஸ்டம் வேலை செய்யறதை என் கண்ணால பார்த்துடறேனே. உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பறேன்."

"தாராளமா அனுப்புங்க!"

மேனேஜர் செல்போனில் தட்டி அனுப்பினார். மூவரும் ஜீரோவின் திரையையே பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. இன்பாக்ஸ் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

"பார்த்தீங்களா!" ஜீரோவுக்குக் குரல் தழுதழுத்தது. "மேனேஜர்னுகூடப் பார்க்காம தடுத்துடுச்சு மேடம்!"

மணி மூன்றரை. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் மெயிலைத் திறந்தார்.

"மேடம், 'சோதனை'ன்னு நீங்க போட்ட மெயில் இங்க வந்திருக்கு."

"அது அவருக்கு அனுப்பினதும்மா."

"ஆமா மேடம். தம்பி கல்யாண லீவுல போனப்போ, அவருக்கு வர்ற மெயிலெல்லாம் எனக்கு வர்ற மாதிரி மாத்திட்டுப் போனார். திரும்பி வந்தும் அது அப்படியேதான் இருக்கு. சரி, ஆத்துக்கு இந்தப் பக்கத்தையும் ஆபீஸ்ல என்கிட்டயே குடுத்துட்டாங்க, தம்பிக்கு வகுப்பெடுக்கற வேலை போலன்னு நினைச்சு, பதினாலு மாசமா நான்தான் பதில் போட்டுட்டிருக்கேன்."

மேனேஜர் அம்மாள் குனிந்து, "ஒருத்தர் போதும்னு மேலிடம் சொன்னது ரொம்பச் சரி" என்று முணுமுணுத்தபடி எழுத ஆரம்பித்தார். ஜீரோ சத்தமில்லாமல் நாற்காலியை அக்காவின் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் புகாரைத் திறந்து, இரண்டு விரலால் தட்டத் தொடங்கினான்: 'மதிப்புக்குரிய ஐயா, தாமதத்துக்கு மன்னிக்கவும்...'