கடைசி வரிசை ஆள்

கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட டோரினின் சவப்பெட்டி முன்னால் அந்த ஓஹையோ ஊரே அழுதது. வெண்டல் மட்டும் கண்ணீரில்லாமல் கடைசி வரிசையில் நின்றான்.

"கொலைகாரன் சாவுக்கு வருவான். முப்பது வயசு ஆம்பள, தனியாள். அழமாட்டான், பின்னால நின்னு மத்தவங்க மூஞ்சியையே பார்ப்பான்" என்று மனோதத்துவ நிபுணர் கணித்திருந்தார்.

பக்கத்தில் நின்றவனும் அழவில்லை. வெண்டலையே பார்த்தான்.

வெண்டல் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "டோரின் உனக்கு என்ன வேணும்?"

"அதை நீ சொல்லு." அவன் மறு கையால் விலங்கை எடுத்தான். "நான் மாநிலப் போலீஸ்."

"பையில போடுய்யா. நான் உள்ளூர் போலீஸ். அந்த நிபுணர் எங்களுக்கும்தான் சொன்னாரு."

முதல் வரிசையில் கதறிக்கொண்டிருந்த டோரினின் அக்கா, விலங்குச் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். போலீஸ்காரனைப் போலீஸ்காரன் பிடித்திருந்தான்.

நிம்மதியாக, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.