டிக்கியில் இருந்த சிலிண்டர்

“இதை வெச்சுத் தீயை அணைச்சாங்கன்னு யாரும்மா உங்ககிட்ட சொன்னது?”

தீயணைப்பான் நிரப்பும் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. “எங்கப்பாதான். முப்பத்தஞ்சு வருஷமா பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கார். ஏன்?”

“கோவிச்சுக்காதீங்க. இங்க பாருங்க.” அவர் அந்தச் சிவப்பு சிலிண்டரின் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். பிடியைப் பூட்டியிருந்த பின்னோடு சேர்த்து முறுக்கிய மெல்லிய கம்பி, அதன் முனையில் மிளகளவு ஈயப் பொட்டு. “கம்பெனி சீல். இதை அறுக்காம பின்னை உருவ முடியாது. பின்னை உருவாம அடிக்க முடியாது. இது பொறந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட அடிச்சதில்லை.”

“அடிச்சப்புறம் மறுபடி நிரப்பியிருக்கலாமில்ல?”

“நிரப்பினா நிரப்பின கடை சீல் இருக்கும். உங்கப்பா வருஷம் தவறாம நம்ம கடைக்குத்தான் வருவார். கார் சீட்டுக்கு அடியில வெச்சிருந்த சின்ன சிலிண்டரை மட்டும் கொடுப்பார். பெரிசைக் கேட்டா, ‘அது ரிட்டயர் ஆயிடுச்சு, தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு சிரிப்பார்.”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. நாளைக் காலை அவருடைய காரை வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறார். டிக்கியில் இருந்த இழுவைக் கயிறு, டார்ச், சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எல்லாவற்றையும் வண்டியோடு கொடுத்துவிடச் சொன்ன அம்மா, “அந்தப் பெரிய சிலிண்டரை மட்டும் எனக்கு எடுத்துக் கொடுத்துடு” என்றாள். அம்மா சந்தோஷப்படட்டுமே என்று இவள்தான் சொல்லாமல் கொள்ளாமல் அதை நிரப்பக் கொண்டுவந்தாள்.

அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். நடுரோட்டில் ஒரு ஸ்கூட்டர் பற்றி எரிகிறது. அதை ஓட்டி வந்த பெண் பயத்தில் மயங்கி விழுகிறாள். கண்ணைத் திறந்தால் தீ இல்லை. கையில் இதே சிலிண்டரோடு முன்பின் தெரியாத ஒருவர் நிற்கிறார். அவர்தான் அப்பா; அந்தப் பெண்தான் அம்மா. பெண்ணைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டவரைப் பார்த்து, லேசில் யாரையும் நம்பாத தாத்தாவே, ‘இவ்வளவு பொறுப்பான பையன் இனிமேல் பிறந்துதான் வரணும்’ என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டார். முழங்கால் உயரத்தில் ஆரம்பித்த தீ, அவள் கல்லூரிக்குப் போன வருடம் மரத்தைத் தொட்டிருந்தது. “போதும், ரொம்ப அளக்காதீங்க” என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்த வெட்கத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அத்தனையும் பொய்யா? வழியில் போன யாரோ மண்ணை வாரிப் போட்டு அணைத்திருப்பார்கள். அம்மா கண் விழித்த நேரத்தில் அப்பா சிலிண்டரும் கையுமாக நின்றிருப்பார். அதை நம்பித்தானே அம்மா கழுத்தை நீட்டினாள்? அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. உடனேயே அழுகையும் வந்தது. அம்மாவுக்கு இப்போது மிச்சமிருப்பது அந்தக் கதை ஒன்றுதான். சிலிண்டரை வீட்டில் வைத்து, யாராவது இந்தச் சீலைப் பார்த்து விவரம் கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும்.

“இந்தச் சீலை அறுத்துடுங்க” என்றாள். “உள்ள இருக்கறதையும் காலி பண்ணிடுங்க.”

“எதுக்கும்மா? பழைய பொருள், அது பாட்டுக்கு இருக்கட்டுமே.”

“அடிச்ச சிலிண்டர் மாதிரி இருக்கணும். எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது.”

கடைக்காரர் சிலிண்டரை மேசைமேல் படுக்க வைத்தார். கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கினார். ஈயப் பொட்டு துள்ளி விழுந்து, வாசலில் கிடந்த குப்பையோடு குப்பையாகிப்போனது.

வீட்டில் அம்மா காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எங்கடி தூக்கிட்டுப் போனே? காணோம்னதும் எனக்கு உசிரே போயிடுச்சு!”

“துடைச்சு எடுத்துட்டு வந்தேம்மா. இந்தா.”

கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கினாள் அம்மா. அவள் கட்டைவிரல் நேராகச் சிலிண்டரின் கழுத்துக்குப் போனது. தடவியது. மறுபடியும் தடவியது.

“சீல் எங்கடி?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா கேக்கறே? அன்னைக்குத் தீயை அணைக்கறப்பவே அப்பா உடைச்சிருப்பாரே?”

அம்மா அவளையே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“எந்தத் தீயடி? அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எனக்கும் உங்கப்பாவுக்கும் பழக்கம். தாத்தா சம்மதிக்கணுமேன்னு ரெண்டு பேருமா சேந்து ஸ்கூட்டர்ல கரியைப் பூசினோம். ஓடிப்போய் அவர் முகத்துல பூசறதுக்கு அது தேவலைன்னு தோணிச்சு” என்ற அம்மா, சிலிண்டரின் வெறுங்கழுத்தை விடாமல் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் உங்கப்பா டிக்கியைத் திறந்து, இந்தச் சீலைத் தொட்டுக் காட்டி, ‘இன்னும் நாம மாட்டிக்கலடி’ன்னு என் காதுல சொல்லுவார். அந்தச் சீலுக்காகத்தானேடி இதை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்!”