எதிர் ரூமில் சொன்னீங்களா?

மூன்றாவது முறையாக ஃபைல் திரும்பி வந்ததும் வயர்க்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கடலுக்கடியில் தீவு வரைக்கும் புது கேபிள் போடப்போகும் கம்பெனியின் ஆள் அவர். அனுமதி வாங்க நடையாய் நடந்ததில், அந்த அரசு அலுவலகத்தில் வயர்க்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. கேபிள் இழுக்கும் கப்பல் வந்து துறைமுகத்தில் நிற்கிறது. கடல் கொந்தளிக்கும் பருவம் தொடங்குவதற்குள் அனுமதி கிடைக்காவிட்டால் கப்பல் திரும்பிப் போய்விடும். கூடவே அவருடைய வேலையும் போய்விடும்.

கடலோரத் துறை மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எதிர் ரூம்ல சொன்னீங்களா?"

"சார் கையெழுத்தே போட்டுட்டார் மேடம்."

"கையெழுத்து அவர் எதை நீட்டினாலும் போடுவார். நான் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்."

"இல்ல. சொல்லியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

எல்லாம் வயர்க்காரருடைய வாய் செய்த வேலை. பழைய கேபிள் இருக்கும்போது புதுசு எதற்கு என்று முதல் நாள் மேடம் கேட்டார். பழைய கேபிள் ஒரு தடவை வாரக்கணக்கில் அறுந்து கிடந்த கதையை இவர் உளறிவிட்டார். கம்பெனி வெளியே விடாமல் அமுக்கி வைத்திருந்த சமாசாரம் அது. கேட்டதும் மேடத்தின் முகம் என்னவோ போல் ஆனது. இதை அப்படியே எதிர் ரூம் சாரிடம் உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் அனுமதி தருகிறேன் என்றார்.

எதிர் அறை என்றால் கப்பல் போக்குவரத்துத் துறை. நடுவில் ஒரு வராந்தாதான். ஆனால் இரண்டு அதிகாரிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வந்தால் மற்றவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அங்கே போய்த் தன் கம்பெனியின் குட்டைத் தானே உடைக்க வயர்க்காரருக்கு என்ன பைத்தியமா? ஒவ்வொரு தடவையும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நழுவி வந்தார்.

மேடத்திடம் ஒரு பணக் கவரை நீட்டிப் பார்த்தார். அதுவும் ஃபைலோடு திரும்பி வந்தது. பத்தவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அன்று காலைதான் முதலாளிக்குப் போன் செய்து, அந்த அம்மா பெரிதாக எதிர்பார்க்கிறது என்று போட்டுக் கொடுத்திருந்தார். மேலிடத்தில் பேசிக் கண்காணாத இடத்துக்குத் தூக்கியடித்துவிடுகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் மேலிடம் அசைவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டால்?

நடப்பது நடக்கட்டும் என்று எதிர் அறைக்குள் நுழைந்தார். சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

"எங்கே போடணும்?"

"கையெழுத்து வேணாம் சார். ஒரு விஷயம் சொல்லணும்."

தீவில் புதுப் படகுத்துறை திறந்த அன்று, விழாவுக்கு வந்த கப்பலின் நங்கூரம் மாட்டிப் பழைய கேபிள் அறுந்ததைச் சொன்னார். விழா நேரத்தில் பேர் கெட்டுவிடும் என்று கம்பெனி மூச்சு விடாததையும் சொன்னார்.

சாரின் பேனா அப்படியே நின்றது.

"அப்போ நான் அங்கேதான் வேலையில இருந்தேன். போன் நல்லாத்தானே இருந்துச்சு?"

"தீவுக்குள்ள பேசிக்கலாம் சார். கரையிலேர்ந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் அங்கே மணி அடிக்காது. நீங்க அங்கேர்ந்து கரைக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருந்தா, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

 சார் எழுந்து, மேஜைக்கடியில் கழற்றி விட்ட செருப்பைக்கூடப் போடாமல், வராந்தாவைக் கடந்து மேடம் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

வயர்க்காரர் வெளியே ஸ்டூலில் இருந்த பியூனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பங்கு பேசப் போயிட்டார் பாத்தீங்களா?"

"வாயைக் கழுவுங்க சார்," என்றார் பியூன். "அவங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்த அக்கா தம்பி. அந்தப் படகுத்துறை திறந்த வாரம்தான் அவங்க அப்பா தவறிட்டார். அக்கா விடிய விடிய போன் போட்டும் லைன் கிடைக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் படகுல போன ஆள் சொல்லித்தான் தம்பிக்கே தெரியும். சாவுக்குக்கூடச் சொல்லலைன்னு அன்னைக்கு முறிச்சவர்தான். சொந்தக்காரங்க யார் பேசினாலும், அக்காவுக்கு வக்காலத்து வாங்கறாங்கன்னு நம்ப மாட்டார். சம்பந்தமே இல்லாத உங்க வாயால வரட்டும்னுதான் மேடம் காத்துக்கிட்டு இருந்தாங்க."

 வயர்க்காரர் அவசரமாக முதலாளிக்குப் போன் போட்டார். பிஸி. மறுபடி போட்டார். அப்போதும் பிஸி. முதலாளி யாரிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மேடம் அறையில் மேஜை போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

மேடத்தின் கண்கள் வீங்கியிருந்தன. எதிர் நாற்காலியில் தம்பி, அக்காவின் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடம் அனுமதியில் கையெழுத்துப் போட்டு ஃபைலை நீட்டினார்.

"மேலேர்ந்து போன் வந்துச்சு. என்னை அந்தத் தீவு ஆபீசுக்கே மாத்திட்டாங்களாம், யார் செஞ்ச புண்ணியமோ," என்று சிரித்தார். "கேபிளைக் கொஞ்சம் சீக்கிரமா போட்டு முடிங்க சார். என் தம்பிகிட்ட பேச வேண்டியது நிறைய பாக்கி இருக்கு."