எது மாதிரி வலி

எது மாதிரி வலிக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் கட்டட சைட்டில் கொஞ்சம் ஆங்கிலம் பேசுகிறவன் நான்தான் என்பதால் கூட வேலை பார்க்கும் வீரணனோடு என்னை அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து குளிக்கக்கூட இல்லை. கேட்டதை அவனிடம் சொன்னேன்.

“வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணே.”

“அது பத்தாதாம்டா.”

இந்த ஊரில் வலிக்குக்கூட ஓர் உவமை வேண்டும். டாக்டரே பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். கத்தியால் குத்துவது மாதிரியா, நெருப்பு மாதிரியா, யானை ஏறி நிற்பது மாதிரியா?

வீரணன் யோசித்தான். “கத்திக்குத்து வாங்குனதில்லையேண்ணே. யானையக் கோயில்ல பாத்ததோட சரி.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இதுல எதச் சொன்னா ஊருக்குத் திருப்பி அனுப்ப மாட்டாங்க?”

“உனக்கு எப்படி இருக்கோ அதச் சொல்லு.”

மூடிய கையை நெஞ்சின் நடுவில் வைத்துக்கொண்டான். “சிமெண்டு மூட்டை மாதிரி. மூட்டைன்னா இறக்கி வச்சிரலாம். இது இறங்க மாட்டேங்குது. ஆனா அதச் சொல்லிராதீங்கண்ணே. வந்து நாலு மாசந்தான் ஆவுது. லேசா எதாச்சும் சொல்லி விடுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். இவன் நெஞ்சின் மேல் ஒரு சிமெண்ட் மூட்டை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ‘மாதிரி’யைச் சேர்க்கவில்லை.

டாக்டர் சட்டென்று எழுந்து கட்டிலைக் காட்டினார். நர்ஸ் இ.சி.ஜி. ஒயர்களைப் பிரித்தாள். படுத்தபடியே வீரணன் கேட்டான்.

“லேசானதத்தானேண்ணே சொன்னீங்க?”

“ஆமாடா” என்றபடி அவன் பூட்ஸைக் கழற்றினேன். இரண்டும் கனமாக இருந்தன.